விரதம் இருந்த பேய்

அத்தியாயம் 6

அன்புச்செல்வி வேனின் படியில் ஒரு காலை வைத்தாள். அடுத்த காலைத் தூக்க உடம்பு ஒப்பவில்லை. நாலு மாடிச் சாரத்தில் செங்கல் சுமந்து ஏறிய நாட்களில்கூட அவள் இப்படித் தயங்கியதில்லை.

"நீ இறங்கு. நான் முதல்ல போறேன்" என்றாள் தேவானை.

தேவானை இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் வேலை பார்த்தவள். நசுங்கிய வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், இது விபத்தா, நாடகமா என்று சொல்லிவிடுவாள். அந்த வேலையை விட்டுவிட்டு, மந்தைவெளியில் ஒரு தையல்கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். அந்த மாடிப்படியைத் தினமும் பெருக்குகிறவள்தான் அன்புச்செல்வி. இன்று காலை பெருக்கிக்கொண்டே அழுதவளைப் பிடித்து உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டாள் தேவானை. கேட்டு முடித்ததும் ஆபீஸைப் பூட்டிவிட்டு அடையாறுக்கே கிளம்பி வந்துவிட்டாள்.

கூட வந்தவன் ஆசிஃப். முன்பு வண்டிகளுக்கு வயரிங் பார்த்தவன், இப்போது தேவானையின் கையாள். கை செய்கிற வேலையைப் போல இரண்டு பங்கு வேலையை வாய் செய்யும்.

"இந்த வண்டிக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி போல கீதே மேடம்" என்றான் ஆசிஃப், பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டியபடி. துரு பொலபொலவென்று உதிர்ந்தது. "எனக்காவது பல்லு கொட்டல."

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

அது ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ். பிறகு யாரோ ஒரு பெரியவர் வாங்கி, உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவில் குளியலறை எல்லாம் வைத்து, ஊர் ஊராகக் கோயிலுக்குப் போகிற வீடாக மாற்றியிருந்தார். அவர் இறந்த பிறகு புரோக்கர் கைக்கு வந்த வண்டியை, போன மாதம் அன்புச்செல்வியின் புருஷன் சித்தார்த்தன் தன் ஆட்டோவைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொண்டான்.

காரணம் அவர்களுடைய மகள் நிலா. ஏழு வயது. ரத்தத்தில் நோய். ஆற்றோரத்தில் குடிசை இருந்தவரைக்கும் இந்த ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே வீடு கொடுத்த பிறகு ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம், அதுவும் மூச்சு முட்டுகிற பஸ்ஸில். மருந்து ஏறுகிற உடம்பைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வைத்தியம் முடிகிறவரை ஆஸ்பத்திரி ரோட்டில், தூங்குமூஞ்சி மர நிழலில், இந்த வேன்தான் வீடு.

அந்த வீட்டில்தான் பத்து நாளாகப் பேய்.

"மறுபடி சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லு" என்றாள் தேவானை. அவள் உள்ளே போனதும் செய்த முதல் காரியம், கேஸ் சிலிண்டரின் வாயைத் திருகி மூடியது. இரண்டாவது, கதவை இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்து வைத்தது.

அன்புச்செல்வி வெளியிலிருந்தே பேசினாள். "மத்தியானம் ஆனா தண்ணி மோட்டாரு தானா ஓடுது மேடம். கொழாய யாருமே தொடல. கிர்ருன்னு ரெண்டு செகண்டு ஓடும், நின்னுடும். திரும்ப ஓடும். நான் அப்போ அன்னதானச் சாப்பாட்டு லைன்ல நின்னுகினு இருப்பேன். பாப்பா மட்டும் உள்ள படுத்துகினு இருக்கும். 'அம்மா, யாரோ செவுத்துக்குள்ள சொரண்டுறாங்க'ன்னு அழுவுது."

"பேய்க்கு எதுக்குக்கா தண்ணி மோட்டாரு? மூஞ்சி கழுவிக்கினு வேலைக்குப் போவுதா?" என்றான் ஆசிஃப்.

"சிரிக்காத தம்பி. டீக்கடை முருகையன் அண்ணன் சொல்றாரு, ஆம்புலன்ஸ்ல எத்தினி உயிரு போயிருக்கும், அதுல ஒண்ணு எறங்காம கீதுன்னு. நேத்து..." அவள் குரல் உடைந்தது. "நேத்து பாப்பாவ வெந்நீர்ல குளிப்பாட்டிப் படுக்கப் போட்டேன். மூணு மணிக்கு எழுப்புறேன், எழுந்திரிக்கல. கன்னத்துல அடிக்கிறேன், எழுந்திரிக்கல. தோள்ல போட்டுகினு ரோட்டுக்கு ஓடியாந்தேன். மரத்தடியில அர மணி நேரம். வாந்தி எடுத்துச்சு, அப்பறம்தான் கண்ண முழிச்சுது. எனக்கும் தல வலி. அவருக்கும் தல வலி. இனிமே இந்த வண்டியே வேணாம், சாயந்திரம் புரோக்கர் கிட்டயே கொண்டுபோய்த் தள்ளிடுறேன்னு சொல்லிட்டாரு."

தள்ளிவிட்டால் நாளையிலிருந்து குழந்தைக்கு அந்த பஸ்தான். தள்ளாவிட்டால் இந்த வண்டியே குழந்தையை விழுங்கிவிடும். நேற்று ராத்திரி முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் கண்ணை மூடவில்லை.

தேவானை ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜன்னல் விளிம்பிலும், கூரையிலிருந்த காற்றுத் துளையிலும், தரையில் இருந்த சின்னச் சல்லடையிலும் பழுப்பு நிறப் பிளாஸ்திரி டேப் இழுத்து ஒட்டியிருந்தது.

"இது வேனா, டிபன் பாக்ஸா?" என்றான் ஆசிஃப்.

"நான்தான் ஒட்டினேன். போன வாரம். பாப்பாவுக்குத் தூசு ஆவாது, கொசு ஆவாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒரு ஓட்ட விடாம ஒட்டினேன்."

தேவானை ஜன்னல் பக்கம் குனிந்தாள். ஒரு ஜன்னல் டேப்பை நகத்தால் கிளப்பி, சர்ரென்று கிழித்தாள். 

"வெந்நீர் எப்படிப் போடுற?"

"உள்ளயே மெஷின் கீது மேடம். கேஸ்ல எரியும். கொழாயத் தொறந்தா அதுவா பத்திக்கும். ரெண்டு வாரம் முன்னாடி அவுருதான் ரெண்டு பேட்டரி மாத்திப் போட்டு ஓட வெச்சாரு."

"அந்த நெருப்பு என்ன கலர்?"

அன்புச்செல்வி யோசித்தாள். "பாப்பா சொல்லுவா, மஞ்சப் பூ மாதிரி கீதும்மான்னு."

தேவானை ஆசிஃபைப் பார்த்தாள். ஆசிஃபின் முகத்திலிருந்த சிரிப்பு துடைத்துவிட்ட மாதிரி போயிற்று. அதைப் பார்த்ததும் அன்புச்செல்விக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வாய் ஓயாத பையன் சும்மா நிற்கிறான் என்றால் விஷயம் பெரிது.

"உன் வீட்டு அடுப்பு மஞ்சளா எரிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள் தேவானை.

"பாத்திரம் கரி புடிக்கும்."

"காத்து பத்தலேன்னா நெருப்பு மஞ்சளாகும். அதுல வர்ற விஷப்புகைக்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. அது வெளியே போகத்தான் மெஷினுக்குப் பின்னாடி ஒரு குழாய். அந்தக் குழாய் வேலை செய்யல. நீயும் காத்து வர வழியை எல்லாம் அடைச்சுட்ட. நேத்து நிலாவைத் தூங்க வெச்சது பேய் இல்ல, அன்பு."

அன்புச்செல்வி ரோட்டோரத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். தூசு படக்கூடாது என்று ஒட்டினாள். பல்லால் கடித்துக் கடித்து டேப்பை அறுத்து ஒட்டினாள்.

"என் கையாலயா மேடம்?"

"பாதி உன் கை. மீதி யார் கைன்னுதான் பார்க்கணும். மோட்டார் தானா ஓடாது. எங்கேயோ குழாய் திறந்தாத்தான் ஓடும். உள்ளே திறக்கலேன்னா, வெளியே."

மூவரும் வண்டியின் பின்பக்கம் போனார்கள். இடுப்பு உயரத்தில், கைக்குட்டை அளவுக்கு ஒரு தகரக் கதவு. அதில் ஒரு பூட்டு.

"இதுக்குச் சாவி இல்ல. காணாமப் போய் மாசக் கணக்காச்சு, இதுல ஒண்ணும் இல்லன்னு புரோக்கர் சொன்னாரு" என்றாள் அன்புச்செல்வி.

ஆசிஃப் குனிந்து பூட்டை முகர்ந்தான். விரலை வைத்துத் தேய்த்து நீட்டினான். "வண்டி முழுக்கத் துரு. இந்தப் பூட்டுக்கு மட்டும் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் மேடம்."

பாக்கெட்டிலிருந்து ஒரு கம்பியை எடுத்து இரண்டு திருப்பு திருப்பினான். கதவு திறந்தது. உள்ளே, வெளியில் நின்று கால் கழுவுவதற்கான ஒரு குழாய். அதன் பிடி வாசலுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், முழங்கை தூரத்தில், வெந்நீர் மெஷினின் புகைக்குழாய் வளைந்து போயிற்று.

ஆசிஃப் கையை விட்டான். அவன் தோள் குழாய்ப் பிடியில் இடித்தது.

கிர்ர்ர்!

அன்புச்செல்வி வீலென்று கத்தி இரண்டடி பின்னால் போனாள்.

"பேயைப் பிடிச்சாச்சு" என்றாள் தேவானை. "உள்ளே கையை விடுறவன் தோள் இடிச்சுக் குழாய் திறந்துக்குது. அவன் அவசரமா மூடுறான். திரும்ப இடிக்குது. பத்து நாளா ஒருத்தன் இதுக்குள்ள கையை விட்டு எதையோ எடுக்கப் பார்க்கிறான். எடுக்க முடியல."

"அவன் கூடவே சாப்பாடும் எடுத்துகினு வர்றான்" என்றான் ஆசிஃப். உள்ளேயிருந்து எடுத்த விரலில் இரண்டு காய்ந்த பருக்கை, ஒரு கடுகு, ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு. மூக்கருகே கொண்டுபோனான். "தயிர்சாதம். மயிலாப்பூர் பேய் போல கீது மேடம்."

பிறகு இடுக்கியை எடுத்துக்கொண்டு தோள்வரை உள்ளே போனான். பல்லைக் கடித்தான். குழாய் வளைவுக்குள் எதுவோ கெட்டியாகச் செருகியிருந்தது. நாலைந்து இழுப்பில் ஒரு கரித்துணி உருண்டை வெளியே வந்து ரோட்டில் விழுந்தது. தேவானை அதைக் குச்சியால் பிரித்தாள். நல்ல மல் துணி. வேட்டியோ துண்டோ கிழித்தது. ஒரு மூலையில் கரி படாத இடத்தில், அழியாத மையில் மூன்று புள்ளியும் ஒரு கொக்கியும்.

"சலவைக் குறி. ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி போடுவாங்க" என்றாள் தேவானை. துணியை ஒரு கவரில் போட்டுக்கொண்டாள். "இது எலி கொண்டுவந்து வெச்சது இல்ல. மனுஷன் திணிச்சது. நீ இந்த வண்டியை வாங்குறதுக்கு முன்னாடியே திணிச்சது."

"எதுக்கு மேடம்?"

"முன்னாடி இந்த வண்டி வெச்சிருந்த பெரியவர் சுப்புராயன் எப்படிச் செத்தார் தெரியுமா? இதோ, இந்தக் குளியலறையில, வெந்நீர்ல குளிக்கும்போது. வயசானவர், இதயம் நின்னுடுச்சுன்னு எல்லாரும் அழுதுட்டுப் போயிட்டாங்க. வர்ற வழியில புரோக்கருக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

மர நிழல் திடீரென்று குளிர்ந்த மாதிரி இருந்தது அன்புச்செல்விக்கு. செத்தவர் நின்ற அதே இடத்தில் முக்காலி போட்டு, நிலாவை உட்கார வைத்து, தினமும் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

"பத்து நாளும் மோட்டார் ஓடுச்சா? ஒரு நாள் கூடத் தப்பலையா?" என்று கேட்டாள் தேவானை.

"முந்தாநாள் மட்டும் ஓடல. எனக்கு நல்லா ஞாபகம் கீது. அன்னிக்கு சாப்பாடு வரல, பாப்பாவுக்கு இட்லி வாங்கப் போனேன். பேயி கூட இன்னிக்கு வரலன்னு நெனச்சுக்கினேன்."

தேவானை கைப்பேசியில் எதையோ தேடிப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சுழிப்பு. மணி பதினொன்று.

"நிலா எங்கே?"

"அவுரு ரத்தப் பரிசோதனைக்கு உள்ள இட்டுகினு போயிருக்காரு. ஒரு மணிக்கு வருவாங்க."

"நல்லது. அதுக்குள்ள முடிச்சுடலாம். ஆசிஃப், ஆம்புலன்ஸா இருந்த வண்டி. சைரன் எங்கேயாவது மிச்சம் இருக்கா பாரு."

ஆசிஃப் முன்பக்கம் திறந்து தலையை விட்டான். "கீது மேடம். தூங்கிகினு கீது. மோட்டார் வயரோட சேத்து எழுப்பிடலாம்."

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரில் அந்த நீலக் கார் வந்து நின்றது. வழக்கம்போல அதிலிருந்து பெரிய எவர்சில்வர் தூக்குகள் இறங்கின. வழக்கம்போல வெளியூர் நோயாளிகளோடு வந்தவர்கள் தட்டும் டப்பாவுமாக வரிசை கட்டினார்கள். பத்து நாளாக இங்கே அன்னதானம் செய்கிற பெரிய மனுஷர் நெற்றியில் நாமமும் தோளில் வெள்ளைத் துண்டுமாகக் கரண்டியைக் கையில் எடுத்தார். எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குத் துணையாக ஒரு சமையல்காரர்.

அன்புச்செல்வி வரிசையில் நின்றாள். கையில் டப்பாவைப் பிடித்திருந்தாள்.

தேவானை சொன்னது காதிலேயே நின்றது. "தினம் எப்படி நிப்பியோ அப்படி நில்லு. குழந்தை எங்கேன்னு யார் கேட்டாலும் வண்டியில தூங்குதுன்னு சொல்லு. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதே. நீ திரும்பினா அவன் ஓடிடுவான். இன்னிக்கு ஓடினா நாளைக்கு வேற விதமா வருவான்."

"யாரு மேடம் அவன்?"

"தெரிஞ்சா உன் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும்."

அதனால் அவளுக்கு யாரென்று தெரியாது. வரிசையில் எல்லா முகத்தையும் பார்த்தாள். முன்னால் நிற்கிற மொட்டைத்தலையா? டீக்கடையில் நின்று இந்தப் பக்கமே பார்க்கிற கண்ணாடிக்காரனா? டீக்கடை முருகையன் அண்ணனேவா? பேய்க் கதையை முதலில் கிளப்பியது அவர்தானே! முதுகுக்குப் பின்னால் இருபதடியில் வேன். அந்த முதுகு முழுக்க அவளுக்குக் கண் முளைத்த மாதிரி இருந்தது.

வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தது.

"வாம்மா" என்றார் சாமி. வாய் நிறையக் கனிவு. "குழந்தை எங்கே? தூங்கறாளா?"

"வண்டியில தூங்குது சாமி."

"தூங்கட்டும், தூங்கட்டும். நான் சொன்னது ஞாபகம் இருக்கோன்னோ? பச்சைத் தண்ணியால துடைச்சு விட்டாலே போதும். வெந்நீரெல்லாம் வேண்டாம். வெய்யக் காலம் பாரு."

"சரி சாமி."

தயிர்சாதம் டப்பாவில் விழுந்தது. அவள் நகரப் போனாள். நின்றுவிட்டாள்.

வெந்நீர்.

இந்த ரோட்டில் வெந்நீர் வேண்டுமென்றால் எல்லோரும் டீக்கடைக்குத்தான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வண்டிக்குள் வெந்நீர் வருகிறதென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நாலு பேர் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள் என்று மறைத்தே வைத்திருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் பழைய வேன்.

இவருக்கு எப்படித் தெரியும்?

அவள் கண் தானாகக் கீழே இறங்கியது. சாதம் போட்ட கரண்டி புதுசு மாதிரி மின்னியது. ஆனால் காரிலே சாய்த்து வைத்திருந்த இன்னொரு கரண்டி, கைப்பிடி ஒரு முழ நீளம், அதன் நுனி முழுக்கக் கரி. தூக்கு அடுப்பில் ஏறாது. பரிமாறுகிற கரண்டிக்குக் கரி எங்கிருந்து வரும்? இந்த அன்னதானம் பத்து நாளாகத்தான். மோட்டார் ஓடுவதும் பத்து நாளாகத்தான். முந்தாநாள் சோறும் வரவில்லை, பேயும் வரவில்லை.

அவள் நிமிர்ந்தாள். சாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்மா, உடம்பு நடுங்கறதே?"

 என் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது, முடிந்தது என்று நினைத்தாள்.

"பசி சாமி" என்றாள். எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று அவளுக்கே தெரியாது. "காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

"அடடா. உக்காந்து நிதானமா சாப்பிடு. அவசரப்பட்டு வண்டிக்குப் போகாதே." கரண்டியைச் சமையல்காரரிடம் கொடுத்தார். "ஓய், கொஞ்சம் பாத்துக்கும். ஆத்துலேருந்து போன் வரது, பேசிட்டு வந்துடறேன்."

நீளக் கரண்டி துண்டுக்குள் மறைந்தது. செருப்புச் சத்தம் அவளைத் தாண்டிப் பின்னால் போயிற்று.

திரும்பாதே.

அன்புச்செல்வி பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாள். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள்.  அவளுக்குத் தெரியும், வண்டியில் நிலா இல்லை. சிலிண்டர் மூடியிருக்கிறது. ஆசிஃப் உள்ளே இருக்கிறான். தேவானை டீக்கடைக்குள் இருக்கிறாள். எல்லாம் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. நிலா உள்ளே படுத்திருக்கிறாள், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் அந்தக் கை ஊர்ந்து வருகிறது என்றே அடித்துக்கொண்டது. பத்து நாள் அப்படித்தானே நடந்தது? பத்து நாள் அவள் இங்கே நின்று, அந்தக் கைக்கு நன்றி சொல்லி, அது போட்ட சோற்றைத் தின்றாளே?

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஒரு பஸ் போயிற்று. ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது.

கிர்ர்...

அதற்கு அடுத்த நொடி ரோடே கிடுகிடுத்தது. ஆம்புலன்ஸ் சைரன்! வருஷக்கணக்கில் ஊமையாகக் கிடந்த வேன் ஊரைக் கூட்டி அலறியது. ஆஸ்பத்திரி ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. பஸ் ஒதுங்கியது, ஆட்டோக்கள் ஒதுங்கின, சோற்று வரிசை முழுக்க ஒரே தலையாகத் திரும்பியது. அன்புச்செல்வியும் திரும்பினாள்.

வேனின் பின்னால் சாமி நின்றிருந்தார். வலது கை தோள்வரை தகரக் கதவுக்குள். குழாய்ப் பிடியை மூடத் தடவினார், கை சிக்கிக்கொண்டது, சைரன் நிற்கவில்லை. ஒரு வழியாக உருவி எடுத்தபோது கரண்டி நுனியில் ஒரு அழுக்குத் துணி தொங்கியது. இத்தனை நாள் பாடுபட்டது கிடைத்துவிட்டதென்று அதைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார்.

வேன் ஜன்னலில் ஆசிஃபின் தலை முளைத்தது.

"ஸார், அது என் பனியன். நல்ல பனியன். உங்க துணி மேடம் கிட்ட கீது."

தேவானை தெருமுனைப் போக்குவரத்துப் போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். சாமி பின்னால் நகர்ந்தார். அவர் தோள் துண்டு தகரக் கதவில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. தேவானை அதன் மூலையைப் பிரித்தாள். கவரிலிருந்த கரித்துணியை அருகில் வைத்தாள். இங்கே மூன்று புள்ளி, ஒரு கொக்கி. அங்கேயும் மூன்று புள்ளி, ஒரு கொக்கி.

"நீங்க வெங்கடரமணன்தானே? சுப்புராயனோட தங்கை பையன். மாமா குளிக்கும்போது புகை உள்ளேயே நிக்கட்டும்னு இந்தத் துணியைத் திணிச்சு, பூட்டிச் சாவியையும் எடுத்துக்கிட்டீங்க. அவர் செத்ததும் துணியை எடுக்க நினைச்சீங்க. அதுக்குள்ள அவர் பொண்ணு வெளிநாட்டுலேருந்தே பேசி வண்டியை வித்துட்டா. வண்டி யார் கிட்டப் போச்சுன்னு மூணு தடவை புரோக்கரைக் கேட்டிருக்கீங்க. மூக்குக்கண்ணாடியை மறந்துட்டேன்னு சொன்னீங்களாம். முகம் எனக்குத் தெரியாது. பேர் மட்டும்தான் தெரியும். முகத்தைக் காட்டினது உங்க ஏகாதசி."

"ஏகாதசியா?" என்றார் போலீஸ்காரர்.

"முந்தாநாள் ஏகாதசி ஸார்" என்றான் ஆசிஃப். "ஸார் விரதம். அதனால அன்னதானம் லீவு. அன்னிக்குன்னு பேயும் லீவு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், பஞ்சாங்கம் பாத்து வேலைக்கு வர்ற பேயி எந்த ஊர்ல கீதுன்னு!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

வெங்கடரமணன் மறுக்கவில்லை. ஓடவும் இல்லை. கூட்டத்தில் யாரையோ தேடினார். அன்புச்செல்வியைக் கண்டதும் அவர் கண் அங்கே நின்றது.  அவள் நகராமல் நின்றாள்.

"நான் சொன்னேனேம்மா" என்றார் அவர். கெஞ்சுகிற குரல். "குழந்தைக்கு வெந்நீர் வேண்டாம்னு நாலு தடவை சொன்னேனே. அவளுக்கு ஒண்ணும் ஆகப்படாதுன்னுதான்... நீ சொல்லும்மா, சொன்னேனா இல்லையா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அன்புச்செல்வி கையிலிருந்த டப்பாவை அவர் காலடியில் வைத்தாள். ஒரு கவளம் குறைந்த தயிர்சாதம்.

"சொன்னே சாமி" என்றாள். "ஏன் வேணாம்னு ஒரே ஒரு வாட்டி சொல்லியிருந்தா, நேத்து எம்பொண்ணு அர மணி நேரம் செத்துக் கெடந்திருக்க மாட்டா."

 போலீஸ்காரர் அவர் முழங்கையைப் பிடித்தார்.

ஒரு மணிக்கு சித்தார்த்தன் நிலாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். வேனின் எல்லாக் கதவும் ஜன்னலும் திறந்து கிடந்தன. கிழித்த டேப்பெல்லாம் மரத்தடியில் ஒரு உருண்டையாகக் கிடந்தது. ஆசிஃப் புகைக்குழாயைத் தட்டி, கரியைக் கொட்டி, வெளி வாயில் கம்பி வலை கட்டிக்கொண்டிருந்தான்.

"எலி வராது, காத்து போவும். கொசுவுக்கு ஜன்னல்ல வலை அடிச்சுக்கோ நைனா, டேப் ஒட்டாத" என்று சித்தார்த்தனிடம் சொன்னான். "குளிக்கும்போது மேல் ஜன்னல் தொறந்தே இருக்கணும். நெருப்பு என்னிக்காவது மஞ்சளாச்சுன்னா அப்பவே மூடிட்டுப் பாப்பாவ வெளிய தூக்கிடு. மத்தபடி வண்டி நல்லா கீது. புரோக்கர் கிட்டல்லாம் தள்ள வேணாம்."

"சிலிண்டரைத் திறந்தாச்சு. ஒரு தடவை குழாயைத் திறந்து பாரு அன்பு" என்றாள் தேவானை.

அன்புச்செல்வி குளியலறை வாசலில் நின்றாள். கை குழாய்வரை போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள்.

கிர்ர்ர்.

திறந்தது அவள் கைதான். இருந்தும் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, நெருப்பு நீலமா கீது" என்றாள் நிலா, அப்பன் தோளிலிருந்து எட்டிப் பார்த்து. பிறகு சுவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பேயி போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"திரும்ப வருமா?"

அன்புச்செல்வி குழாயை மூடினாள். மோட்டார் நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தமில்லை. வெளியே, யாரும் கேட்காமலே, சமையல்காரர் மிச்சச் சோற்றை வரிசைக்குப் போடக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஆனால் வரிசையில் ஒருவர்கூட டப்பாவை நீட்டவில்லை.